சீமைப்பலா மரத்தைச் சுற்றிப் போன கோடு

அன்ஸ் கப்ரி
4 நவம்பர் 1981

என் தம்பி அன்செல்முக்கு,

அக்கா யூராலி எழுதுவது. இங்கே நானும் அடுப்பும் பூனையும் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. உன் இருமல் நின்றதா? ஜெரால் ஓட்டும் பேருந்தில் ஆறு ரொட்டி அனுப்பியிருக்கிறேன். வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு ஐந்துதான் என்று சாதிப்பான், நம்பாதே.

கல்லறைத் திருநாளுக்கு நீ இந்த வருஷமும் வரவில்லை. அம்மாவின் கல்லறைக்கு நானே வெள்ளையடித்தேன். சொந்தக்காரர்களுக்கு ஏற்றி முடித்ததும், உறவில்லாத ஒருவருக்கு நன்றியாக வீட்டுக்கொரு மெழுகுவத்தி வைக்கும் நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அம்மாவுக்கு மட்டும் இருபத்து மூன்று வந்தது! பிரசவம் பார்த்தவளை ஊர் மறக்கவில்லை. ஆனால் இந்த வருஷக் கூத்து அதுவல்ல. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டி, மணிக் கட்சியையும் தொடங்கிவைத்த பாப்பா ஜோலிவேயின் கல்லறை எரிந்த எரிப்பில் பாதிரியாருக்கே கண் கூசியது. தொப்பிக் கட்சியின் பழைய கவுன்சிலருக்கு ஒன்பதே ஒன்பது. மூன்று வருஷம் முன்னால் இது தலைகீழாக இருந்தது. நம் ஆட்கள் இரண்டு கட்சிக் கூட்டத்திலும் கை தட்டுவார்கள், இரண்டு கட்சி ரம்மையும் குடிப்பார்கள். ஆனால் செத்தவர்களிடம் பொய் சொல்லமாட்டார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டே யார் எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தேன். சாலைக்கு மேல்புறம் இருப்பவர்கள் அத்தனை பேரும் இப்போது மணிக் கட்சி.

இன்னொன்று. மா ஃபிலோ விடியற்காலையில் ரொட்டி வாங்க வந்தவள், கைக்குட்டையில் சுற்றிய ஒரு மெழுகுவத்தியை என் கையில் திணித்தாள்.

"இத ஜோலிவே கல்லறைல வச்சிடு யூராலி. நான் போனா ஊரே பாக்கும்."

"உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்துருவாரு, மா!"

"வரட்டும். அவரு இருந்தவரைக்கும் அவரு கை காட்டுன எடத்துலதான் குத்துனேன். எழுபத்தாறு ஆச்சு. ஒரே ஒரு தடவ என் இஷ்டத்துக்கு ஓட்டுப் போட்டுட்டுச் சாவுறேன். மூச்சு விட்டுறாத."

தொப்பிக் கட்சிக்காகத் தடி சுழற்றிய ஒக்தாவின் பெண்டாட்டி! ஒரே வேலிக்குள் மகன்களின் வீடுகளும் சேர்ந்த அந்த வளவில் எட்டு ஓட்டு. அவள் சொன்னால் மகன்களும் மருமகள்களும் மீறமாட்டார்கள். போன தேர்தலில் மணிக் கட்சிக்கு நின்ற டெலான்ஸ் ஆசிரியர் தோற்றது பதினாலு ஓட்டில். கணக்கை நீயே போட்டுக்கொள். அவர் ஜெயித்தால் ஆற்றுக்குப் பாலம் வரும். வெள்ளம் வந்தால் என் ரொட்டிக்கூடை அக்கரைக்கு ஐந்து நாள் போவதில்லை.

நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. உனக்குச் சொல்வது எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வது மாதிரிதான்.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

அக்கா யூராலி


போர்ட் செல்வின்
19 நவம்பர் 1981

அன்பு அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதத்தில் நலம். ரொட்டி ஐந்து வந்தது. இருமல் இரவில் மட்டும் வருகிறது.

ஒரு செய்தி. தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி வரைய ஒரு குழு அமைக்கவேண்டும் என்று போன வியாழக்கிழமை அவையில் தீர்மானம் நிறைவேறியது. ஐந்து உறுப்பினர்கள். ஆளும் தொப்பிக் கட்சிக்கு மூன்று, மணிக் கட்சிக்கு இரண்டு. குழுவின் செயலாளர் உன் தம்பி! முதல் கூட்டத்திலேயே மணிக் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் சரிபாதி இடம் வேண்டும் என்றார்கள். கிடைக்கவில்லை. இனி இந்த அறைக்குள் கால் வைக்கமாட்டோம் என்று எழுந்து போய்விட்டார்கள். ஆக மேஜையில் இரண்டு நாற்காலி காலி.

அவைக் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷமாகச் சுவரோரப் பெஞ்சில், முழங்கால்மேல் நோட்டை வைத்துக் குறிப்பெடுப்பவன் நான். குழுத் தலைவர் ரோக்ஸ்பரோ என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் வால்மோன், அங்க உக்காந்தா வரைபடம் எப்படித் தெரியும்? இங்க வாங்க, இந்த நாற்காலி சும்மாதானே கெடக்கு."

அந்த அறையில் யாரும் என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை, அக்கா. தோல் வைத்துத் தைத்த நாற்காலி. நம் கரைப் பக்கத்தின் படத்தை விரித்தபோது மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஊரை விட்டு வந்து ரொம்ப நாள் ஆனதால் வீடுகள் மறந்துபோகின்றன. கோயிலிலிருந்து சாலைக்கு மேல்புறம் யார் யார், கீழ்ப்புறம் யார் யார் என்று எழுதேன். படிக்க ஆசையாக இருக்கிறது.

உன் அன்புத் தம்பி
அன்செல்ம்


அன்ஸ் கப்ரி
2 டிசம்பர் 1981

என் தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை அடுப்படியில் மூன்று தரம் படித்தேன். ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனது. போகட்டும்! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். பள்ளிக்கூடத்தில் கூனிக்கொண்டு உட்கார்ந்து பிரம்படி வாங்கினவன் நீ. அம்மா இருந்திருந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பதில் நான் சொன்னேன். டெலான்ஸ் ஆசிரியர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "நம்ம பையன் உள்ள இருக்கான்னா நம்ம ஊருக்குக் கெடுதல் வராது, இல்லையா?" என்றார். "ஏன் சார் கேள்வியாக் கேக்குறீங்க?" என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

நீ கேட்ட வீடுகள் இதோ. தனித்தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன், நான் ரொட்டி கொண்டுபோகும் வரிசை. மேல்புறம் நாற்பத்தொன்று, கீழ்ப்புறம் முப்பத்தெட்டு. யார் இன்னும் கவுன்சிலருக்கு மெழுகுவத்தி வைக்கிறார்கள் என்றும் பக்கத்தில் குறித்திருக்கிறேன், உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று.

கிறிஸ்துமஸுக்கு வா. பன்றித் தொடை புகையில் தொங்குகிறது.

அக்கா


போர்ட் செல்வின்
16 ஜனவரி 1982

அன்பு அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். பண்டிகைக்கு வர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். குழு வேலை தலைக்குமேல் இருக்கிறது. பன்றித் தொடையும் ரொட்டியும் வந்துசேர்ந்தன. நீ எழுதிய தாள் மிகவும் உபயோகமாக, அதாவது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மா ஃபிலோ வீட்டுச் சீமைப்பலா மரம் இன்னும் நிற்கிறதா? அவள் சமையல்கட்டு மரத்துக்கு இந்தப் பக்கமா, கடல் பக்கமா? மகன்களின் வீடுகளும் அதே வேலிக்குள்தானே? சின்ன வயதில் அங்கே ஏறி விழுந்தது நினைவுக்கு வந்தது, அதனால் கேட்கிறேன்.

வேறொன்றுமில்லை.

அன்செல்ம்


அன்ஸ் கப்ரி
30 ஜனவரி 1982

தம்பிக்கு,

சுகம்தான். ஆறு பெருகி நாலு நாள் அடுப்பு மூட்டவில்லை. மரம் நிற்கிறது, உன்னைத் தள்ளிவிட்டதற்கு வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. சமையல்கட்டு கடல் பக்கம். மகன்கள் அதே வேலிக்குள்தான். வேலி சாலையில் ஆரம்பித்து மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பச் சாலைக்கே வருகிறது. போதுமா? இவ்வளவு விசாரிக்கிறாயே, என் ரொட்டிக்கூடையைத் தூக்கிக்கொள்ளப் போகிறாயா? வா, முழங்காலும் சேர்த்துத் தருகிறேன்.

நீ கேட்டதாக மா ஃபிலோவிடம் சொன்னேன். "அவன் எங்க மரத்துலேந்து விழுந்தப்ப நான்தான் மடியில போட்டு மஞ்சத்தூள் வச்சேன், ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

இருமலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே?

அக்கா


போர்ட் செல்வின்
12 மார்ச் 1982

அன்பு அக்காவுக்கு,

நலம். இருமல் குறைந்திருக்கிறது.

குழுவின் அறிக்கை நேற்று அவையில் ஒப்புதல் பெற்றது. கடைசிப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. வரைபடங்களை எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒட்டுவார்கள். அதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். ஒரு தீவு முழுவதற்கும் செய்யும் வேலையில் ஒரு ஊரை மட்டும் பார்க்க முடியாது என்பது உனக்குப் புரியும்.

மா ஃபிலோவிடம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்.

அன்செல்ம்


அன்ஸ் கப்ரி
24 மார்ச் 1982

தம்பிக்கு,

சுகம்.

திங்கட்கிழமை காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டினார்கள். ஊரே அங்கேதான். கோடு கோயிலிலிருந்து சாலையோடு போகிறது. மேல்புறம் மொத்தத்தையும் நம் கரைத் தொகுதியிலிருந்து பிய்த்து மலைத் தொகுதியோடு ஒட்டியிருக்கிறார்கள். மலையில் தொப்பிக் கட்சிக்கு முன்னால் நாய்கூடக் குரைக்காது. மணிக் கட்சி ஓட்டெல்லாம் அங்கே போய்க் கரைந்துவிடும். டெலான்ஸ் ஆசிரியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடு ஒரே ஒரு இடத்தில் சாலையை விட்டு இறங்குகிறது. கீழ்ப்புறம் வந்து, சீமைப்பலா மரத்தைச் சுற்றிக்கொண்டு, மா ஃபிலோவின் வளவை அள்ளிக்கொண்டு, திரும்பச் சாலையில் ஏறுகிறது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது, அன்செல்ம். "தொப்பிக்காரனுங்க சொந்தக் கோழியையே அறுத்துட்டானுங்கடா!" என்றான் ஜெரால். "ஒக்தாவ் வீட்டையே தூக்கிக் குடுத்துட்டானுங்க! அளந்தவன் நல்லா ஊத்திட்டு வந்துருக்கான்." இழந்த துக்கத்திலும் அவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஒன்றாவது கிடைத்தது.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. மா ஃபிலோ கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தாள். நான்கு ரொட்டி எடுத்துக் கூடையில் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து என் பலகையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள். எனக்கு முகம் பற்றி எரிந்தது, அடுப்பால் அல்ல.

அந்த மெழுகுவத்தி விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, எனக்கு, உனக்கு. நான் தப்பாக நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுது. மண்டியிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


போர்ட் செல்வின்
20 ஏப்ரல் 1982

அன்பு அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். எல்லை வரைவது நில அளவைத் துறையின் வேலை. மேடுபள்ளம், மக்கள்தொகை, ஓடை என்று எத்தனையோ பார்ப்பார்கள். அந்த வளவுக்குப் பக்கத்தில் ஒரு ஓடை இருந்ததாக அளந்தவர்கள் சொன்னார்கள். செயலாளர் குறிப்பெடுப்பவன் மட்டுமே.

மா ஃபிலோவுக்கு ஒரு நல்ல சால்வை வாங்கி ஜெராலிடம் கொடுத்திருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்லவேண்டாம்.

அன்செல்ம்


போர்ட் செல்வின்
27 ஜூன் 1982

அக்கா,

நீ சுகமா? ஜெராலிடம் கேட்டால், "இருக்காங்க" என்கிறான், மேலே பேசமாட்டேன் என்கிறான். சால்வை அப்படியே திரும்பி வந்தது. வாராவாரம் ரொட்டி வருகிறது, ஆறு. கடிதம் இல்லை. நீ ரொட்டியையும் நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. கோபத்தில் எழுதியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். சூடாகச் சுற்றி அனுப்பிய ரொட்டியிடம் என்ன பதில் சொல்வது?

அங்கே ஓடை இல்லை. எனக்கே தெரியும், அங்கேதானே விளையாடினேன்.

முதல் கூட்டத்தில் நான் சொல்லிச் சிரிக்கவைத்தது, மெழுகுவத்தியைப் பார்த்தே நம் ஊரில் யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம் என்ற கதைதான். ரோக்ஸ்பரோ சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க, மிஸ்டர் வால்மோன், மெதுவா." பிறகு, நீ அனுப்பிய தாள் வந்ததும் அதை மேஜைமேல் விரித்தேன். உன் கையெழுத்துக்கு மேலேயே பென்சிலால் கோடு போட்டார்கள்.

இன்னும் கேள், பாதியில் நிறுத்தினால் என்னால் பிறகு எழுத முடியாது. கோட்டைச் சாலையோடு இழுத்து முடித்துவிட்டார்கள். படத்தைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். மா ஃபிலோவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டுச் சொல்லியிருந்தால் பயந்து சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்வேன். "ஐயா, கீழ்ப்புறம் ஒரு வீடு இருக்கு" என்று நானாக வாயைத் திறந்தேன். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சொன்னேன், அக்கா. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்காக. வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அறிக்கை கொடுத்ததும் குழு கலைந்தது. நான் திரும்பச் சுவரோரப் பெஞ்சில். போன வாரம் ரோக்ஸ்பரோ, "ஏய் வால்மோன், மழை உள்ள அடிக்குது, ஜன்னலச் சாத்து" என்றார். எழுந்து சாத்தினேன்.

என் வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஊருக்கு வந்து மா ஃபிலோ காலில் விழட்டுமா? நீ வா என்றால் வருகிறேன்.

தம்பி என்று எழுதிக்கொள்ளலாமா?

அன்செல்ம்


அன்ஸ் கப்ரி
3 நவம்பர் 1982

அன்செல்முக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். சுகமாக இருக்கிறேன். முழங்கால் அப்படியே.

அதைப் படித்த அன்றே மா ஃபிலோ வீட்டுக்குப் போனேன். முழுவதும் படித்துக் காட்டினேன். "உங்க ரகசியத்த நான்தான் எழுதுனேன் மா. அவன் வித்தான், ஆனா சந்தைக்குக் கொண்டுபோய்க் குடுத்தது நானு" என்றேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க" என்றாள், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஊருக்கும் சொன்னேன். தாளில் பேர் எழுதிக் குறித்தது நான் என்றும் சொன்னேன். அளந்தவன் குடித்திருந்தான் என்று அவர்கள் இனியும் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அதிலிருந்து பாதி ஊர் என்னிடம் வாங்காமல் அக்கரை ரொட்டி தின்கிறது.

செப்டம்பர் தேர்தல் உனக்குத் தெரியும். கரையில் டெலான்ஸ் ஆசிரியர் நூற்று அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றார். மலையில் மணிக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. எதிர்த்து யாரும் இல்லாததால் அங்கே தேர்தலே கிடையாது என்றார்கள். மா ஃபிலோவுக்கு அது யார் சொல்லியும் ஏறவில்லை. காலை ஆறு மணிக்கே பூசைக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அதிகாரி சின்னப் பையன், மரியாதையாகத்தான் சொன்னான்.

"அம்மா, உங்களுக்கு இன்னிக்கு ஓட்டு இல்ல. உங்க தொகுதியில போட்டி இல்லாமயே ஜெயிச்சுட்டாங்க."

"யாரு?"

"தொப்பிக் கட்சிதான்."

"நான் போடாமயேவா?"

"ஆமாம்மா."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சாவடி மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தாள்.

நேற்று கல்லறைத் திருநாள். போன வருஷம் அம்மாவுக்கு இருபத்து மூன்று வந்தது என்று பெருமையாக எழுதியிருந்தேன். இந்த வருஷம் நான் வைத்த ஒன்றுதான். அவள் என்ன செய்தாள், பாவம். காற்றில் அது இரண்டு தரம் அணைந்தது, இரண்டு தரமும் ஏற்றினேன். வேறு யாரும் குனியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மா ஃபிலோ மேட்டில் ஏறி வந்தாள். கைக்குட்டை சுற்றவில்லை. மெழுகுவத்தியை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒக்தாவின் கல்லறையைத் தாண்டி, கவுன்சிலரின் கல்லறையைத் தாண்டி, நேராக ஜோலிவேயிடம் போய் வைத்தாள். அவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள்.

"யூராலி! ஒந் தம்பிக்கு எழுதுவ இல்ல?" என்றாள், மேட்டுக்குக் கீழே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "இதையும் எழுது."

நீ வரலாமா என்று கேட்டிருந்தாய். வருவதும் வராததும் உன் இஷ்டம், என்னைக் கேட்காதே. ரொட்டி ஆறு ஜெராலிடம் இருக்கிறது. கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

மா ஃபிலோ சொன்னாள், எழுதிவிட்டேன்.

யூராலி